பூட்டு போட்டா போதுமா? புள்ளைங்க எங்க போகும்?



காலை ஏழே முக்கால். பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு சந்து. ஒரு கையில டிபன் பை, இன்னொரு கையில ரெண்டரை வயசுப் பாப்பா. எட்டரைக்குக் கம்பெனி கேட். தினமும் பாப்பாவை விட்டுட்டுப் போற டே கேர் வாசல்ல இன்னிக்குப் பூட்டு. பூட்டு மேல அரக்கு சீல். கதவுல ஒட்டின ஒரு காகிதம், அதுல ஒரு கையெழுத்து. எதுக்கு மூடினாங்க? எத்தனை நாளைக்கு? நேத்து சாயங்காலம் வரைக்கும் உள்ள இருந்த புள்ளைங்களுக்கு என்ன நடந்தது? சொல்ல ஒரு ஆள் இல்லை.

அந்தத் தாய் என்ன செய்வாள்? லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் போச்சு. ரெண்டு நாள் போட்டா மெஷினுக்கு வேற ஆள் வந்துரும். அதனால பக்கத்து லைன் வீட்டுப் பாட்டிகிட்ட விடுவாள். பாட்டியும் இல்லைன்னா எட்டு வயசு அக்காவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கச் சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டுப் போவாள்.

இது நாம வரைஞ்ச காட்சிதான். ஆனா திருப்பூர்ல இப்படி ஒரு காலையை நினைச்சுப் பார்த்துப் பயப்படாத வேலைக்காரத் தாய் இருக்காங்களா?

அதனால இன்னிக்குப் பதிவு இதைப் பத்தித்தான். குழந்தையைப் பார்த்துக்குற இடத்தை அதிகாரிங்க மூடினா பெத்தவங்க என்ன செய்யணும்? மூடின அரசு என்ன செஞ்சே ஆகணும்? கொஞ்சம் நீளமான பதிவுதான். முழுசாப் படிங்க.

▪️ திருமுருகன்பூண்டியை மறந்துட்டோமா?

2022 அக்டோபர். ஆயுத பூஜை முடிஞ்சு ஊரே பொரியும் சுண்டலும் தின்னுட்டிருந்த வாரம். திருப்பூரை ஒட்டின திருமுருகன்பூண்டியில, விவேகானந்தா சேவாலயம் என்ற தனியார் சிறுவர் காப்பகத்துல, அக்டோபர் 6-ஆம் தேதி காலை 3 சிறுவர்கள் இறந்துபோனாங்க. சாப்பாடு ஒத்துக்காம வாந்தியும் வயிற்றுப்போக்கும். இன்னும் 11 சிறுவர்கள் ஆஸ்பத்திரியில சேர்க்கப்பட்டாங்க. அம்மாவோ அப்பாவோ இல்லாத புள்ளைங்க. இருந்தும் வளர்க்க வழியில்லாத வீட்டுப் புள்ளைங்க.

அப்புறம் எல்லாம் வேகமா நடந்தது. அதிகாரிங்க வந்தாங்க. அன்றைய சமூக நலத்துறை அமைச்சர் கீதா ஜீவன் நேர்ல வந்தார். நிர்வாகத்தோட அலட்சியம்னு சொன்னார், காப்பகத்தை மூட உத்தரவு போட்டார். வழக்குப் பதிவாச்சு. மீதமிருந்த புள்ளைங்களை ஈரோட்டுக்கு மாத்தினாங்க.

மூடினது தப்புன்னு நாம சொல்லலை. மூடத்தான் வேணும். நாம கேட்கிறது வேற. அந்த வேகம் மூணு மாசம் முன்னாடி எங்கே போச்சு?

சிறார் நீதிச் சட்டம், 2015. அதோட 54-ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. குழந்தைகள் தங்கியிருக்கிற ஒவ்வொரு இல்லத்தையும் ஆய்வுக் குழு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்தே ஆகணும். குழுவுல மூணு பேருக்குக் குறையக் கூடாது. அதுல ஒரு பெண் இருக்கணும், ஒரு மருத்துவ அலுவலர் இருக்கணும். பார்த்த ஒரு வாரத்துல அறிக்கை கொடுக்கணும். இது சட்டம். யாரோட கருணையும் இல்லை.

அந்தச் சட்டம் ஒழுங்கா நடந்தா சமையலறையைப் பார்த்திருப்பாங்க. ராத்திரி யார் காவல்னு கேட்டிருப்பாங்க. புள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா யாரு, எந்த வண்டியில, எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டிருப்பாங்க. சாவுக்கு அப்புறம் வர்ற சீல், ஆய்வு ஆகாது. அது பஞ்சநாமா.

இது பூண்டியோட மட்டும் நிக்கலை. 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள் தீயில கருகினதுக்கு அப்புறம்தான் பள்ளிக்கூடங்களோட கூரை ஓலையா ஓடான்னு இந்த மாநிலம் தலை நிமிர்ந்து பார்த்தது. எந்தக் கொடி கோட்டையில பறந்தாலும் இதுதான் வழக்கம். முதல்ல பாடை, அப்புறம் பூட்டு, அப்புறம் மறதி.

▪️ பூட்டுக்கு அப்புறம் என்னன்னு சட்டம் சொல்லியிருக்கு

பல தோழர்களுக்கே தெரியாத விஷயம் ஒண்ணு. அதே சிறார் நீதிச் சட்டத்தோட 41-ஆம் பிரிவுல ஏழாவது உட்பிரிவு. ஒரு இல்லத்தோட பதிவை மாநில அரசு ரத்து செஞ்சாலோ நிறுத்தி வெச்சாலோ, பதிவு திரும்பக் கிடைக்கிற வரைக்கும் அந்த இல்லத்தை மாநில அரசே நடத்தணும். இன்னொரு தடவை படிங்க. அரசே நடத்தணும்!

அதாவது நாடாளுமன்றமே ஒத்துக்கிட்ட நியாயம் இது. நடத்துறவன் தப்பு பண்ணினா நடத்துறவனைத் தூக்கு, குழந்தையைத் தெருவுல விடாதே. பதிவே இல்லாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இல்லைன்னா ரெண்டும்னு 42-ஆம் பிரிவு சொல்லுது. தண்டனை முதலாளிக்கு. குழந்தைக்கோ தாய்க்கோ இல்லை.

ஆனா இந்தச் சட்டம் புள்ளைங்க தங்கி வளர்ற இல்லங்களுக்குத்தான். காலையில விட்டு ராத்திரி கூட்டிட்டுப் போற டே கேருக்கும் பிளே ஸ்கூலுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே சீல் வெச்சா வெச்சதுதான். மறுநாள் காலையில எந்த அதிகாரியும் அந்தச் சந்துல நிக்க மாட்டார். ஏன்? பூண்டியில உயிர்தானே போச்சு? இந்தச் சந்துல ஓடுறதும் அதே உயிர்தானே? காப்பகத்துக்கு ஒரு நியாயம், பனியன் கம்பெனித் தாயோட புள்ளைக்கு ஒரு நியாயமா?

மூடினா மட்டும் ஆபத்து ஒழிஞ்சுதுன்னு நினைக்கிற அதிகாரிகளுக்கு ஒண்ணு சொல்றோம். உரிமம் உள்ள இடத்தை மூடினா அந்தப் புள்ளை வீட்டுல உக்காந்து பாடம் படிக்காது. அதைவிட மோசமான, உங்க பேரேட்டுலயே இல்லாத ஒரு ரூமுக்குத்தான் போகும். ஒரு சன்னல், இருபது குழந்தைங்க, ஒரு ஆயா. மாற்று கொடுக்காம மூடுறது ஆபத்தைத் தடுக்கிறது இல்லை. இடம் மாத்துறது.

▪️ இந்தக் கதையில ஒளிஞ்சிருக்கிற முதலாளி

சரி, அந்தத் தாய் ஏன் அந்தச் சந்துக்கு வந்தாள்? கம்பெனிக்குள்ளயே தொட்டில் இருந்திருந்தா வந்திருப்பாளா?

1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 48-ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல வேலை செய்யுற தொழிற்சாலையில ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பறை வேணும்னு சொன்னது. 2017-ல திருத்தின மகப்பேறு நலச் சட்டம், 50 பேர் அதுக்கு மேல வேலை செய்யுற இடத்துல க்ரெச் வேணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் 50 பேர், நாலு தடவைங்கிறதை வெச்சிருக்கு. அந்தத் தொகுப்புகள் மேல நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனா இந்த ஒரு வரியை விட்டுத்தர மாட்டோம்.

இப்போ உங்க கம்பெனிக்குள்ள போய்ப் பாருங்க. 'குழந்தைகள் காப்பகம்'னு பலகை இருக்கிற அந்த ரூமைத் திறந்து பாருங்க. உள்ள குழந்தை இருக்கா, இல்லை அட்டைப்பெட்டியும் கட் பீஸ் மூட்டையும் இருக்கா? பொம்மை பழசா இருக்கா, இல்லை பையர் ஆடிட் அன்னிக்கு மட்டும் கவர் பிரிக்கிற புதுசா? தொட்டில்ல துணி அழுக்காயிருக்கா? அழுக்கா இருந்தா சந்தோஷப்படுங்க. ஏதோ ஒரு புள்ளை அதுல தூங்குதுன்னு அர்த்தம்.

வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி பண்ற ஊர் இது. ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்கிற குழந்தைங்க போடுற ரோம்பர், பாடிசூட்டெல்லாம் இங்க தைக்கிறது. அந்தக் குழந்தை சட்டையில ஒரு பட்டன் கழண்டு தொண்டையில சிக்கிரக் கூடாதுன்னு அந்தப் பட்டனை இழுத்துப் பார்க்க மெஷின் வெச்சிருக்கோம். ஊசி முனை ஒண்ணு உள்ள இருந்துரக் கூடாதுன்னு நீடில் டிடெக்டர் வெச்சிருக்கோம். அடுத்தவன் நாட்டுக் குழந்தைக்கு இவ்வளவு அக்கறை! அதைத் தைச்ச தாயோட குழந்தையை யார் பார்த்துக்குறாங்கன்னு கேட்க மட்டும் எந்த மெஷினும் இல்லை.

அரசு தன் பங்குக்கு அங்கன்வாடியைக் காட்டும். தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல அங்கன்வாடி இருக்கு. அந்த ஊழியர் அக்காக்களோட உழைப்புக்கு நாம தலை வணங்குறோம். ஆனா அங்கன்வாடி சாயங்காலம் பூட்டிரும். திருப்பூர்ல ஒன்றரை ஷிப்டுன்னா ராத்திரி எட்டரை, ஒன்பது. இடைப்பட்ட அந்த நேரத்துக்குப் புள்ளை யாருதுங்க? அந்த இடைவெளியிலதான் உரிமம் இல்லாத ரூமெல்லாம் முளைக்குது.

▪️ பூட்டைப் பார்த்த அன்னிக்குப் பெத்தவங்க செய்ய வேண்டியது

கோபம் நியாயம்தான். ஆனா கோபத்துக்கு ஒரு வரிசை வேணும். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

1. முதல்ல குழந்தை. காப்பகமா இருந்தா புள்ளையை எங்கே மாத்தினாங்கன்னு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயும் குழந்தைகள் நலக் குழுவுலயும் கேளுங்க. அந்தக் குழுதான் புள்ளை எங்கே இருக்கணும்னு முடிவு பண்ணும். 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். டே கேரா இருந்தா, சாப்பாட்டுப் பிரச்சினையா, அடியா, வேற ஏதாவதான்னு காரணத்தைத் தெரிஞ்சுக்கிட்டு அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரியில காட்டி, சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

2. புள்ளை பேசட்டும், நீங்க கேளுங்க. 'அடிச்சாங்களா? சொல்லு, சொல்லு'ன்னு உலுக்காதீங்க. பயமுறுத்தினா புள்ளை நீங்க விரும்புற பதிலைத்தான் சொல்லும். பாலியல் தொந்தரவுன்னு துளி சந்தேகம் இருந்தாலும் மறைக்காதீங்க, போலீஸ்ல சொல்லுங்க. போக்சோ சட்டப்படி குழந்தையோட வாக்குமூலத்தை வீட்டுலயே வாங்கலாம். வாங்குற அதிகாரி சீருடையில வரக் கூடாது. ராத்திரி நேரத்துல குழந்தையை ஸ்டேஷன்ல வெச்சிருக்கக் கூடாது. இது உங்க உரிமை.

3. உத்தரவு நகல் கேளுங்க. 'மூடியாச்சு'ன்னு வாய்ல சொன்னா போதாது. தற்காலிக நிறுத்தமா, உரிமம் ரத்தா? காரணம் என்ன? எத்தனை நாள்? என்னென்ன சரி பண்ணினா திறப்பாங்க? மறு ஆய்வு யார் பண்ணுவாங்க? தரலைன்னா பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்க. 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். போன ரெண்டு வருஷத்து ஆய்வு அறிக்கைகளையும் சேர்த்துக் கேளுங்க. ஆய்வே நடக்கலைன்னா அதுவும் அந்தப் பதில்லயே தெரிஞ்சுரும்.

4. ஓனருக்குக் கையெழுத்துப் போடாதீங்க. மூணாவது நாள் ஓனர் வருவார். 'நீங்க எல்லாம் சேர்ந்து மனுக் கொடுத்தா நாளைக்கே திறந்துருவேங்க'ன்னு காகிதம் நீட்டுவார். உங்க கஷ்டம் நமக்குப் புரியுது. ஆனா அந்தக் கையெழுத்து நாளைக்கு உங்க புள்ளைக்கு எதிரான சாட்சி. அதுக்குப் பதிலா, குறையைச் சரி பண்ணித் திற, இல்லைன்னா அரசு எடுத்து நடத்துன்னு உங்க மனுவை நீங்களே எழுதுங்க.

5. உங்க பொருளை வாங்குங்க. ஆதார், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, கட்டின பணத்துக்கு ரசீது. அதிகாரி முன்னிலையில கேளுங்க. சீல் வெச்ச கதவை நீங்களா உடைக்காதீங்க. வழக்கு உங்க மேல திரும்பிரும்.

6. கூட்டமாப் போங்க. ஒத்தைத் தாய் போனா 'நாளைக்கு வாம்மா'. முப்பது தாய் போனா நாற்காலி வரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துல குறைதீர்க்கும் கூட்டம். கம்பெனி பேரு, ஷிப்ட் நேரம், குழந்தை வயசு மூணையும் பட்டியலாப் போட்டு, மாற்று இடம் கேட்டு மனுக் கொடுங்க. நகலுக்குத் தேதியோட முத்திரை வாங்காம வெளிய வராதீங்க. அதே பட்டியலை உங்க கம்பெனிக்கும் கொடுத்து, க்ரெச் எங்கேன்னு எழுத்துல கேளுங்க.

7. வடமாநிலத் தோழிகளை விட்டுடாதீங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்த தாய்க்குக் கதவுல ஒட்டின காகிதத்தைப் படிக்கத் தெரியாது, ஓடி வர ஒரு அத்தை சித்தி இங்க கிடையாது. உங்க லைன் வீட்டுல இருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அவ புள்ளையும் நம்ம ஊருப் புள்ளைதான்.

▪️ நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை

கட்சித் தோழர்களே, உங்ககிட்டயும் கண்டிப்பாவே சொல்லணும். இப்படி ஒரு சம்பவம் நடந்தா குழந்தைங்க போட்டோவை ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. பேரு, பள்ளி, வீட்டு அடையாளம் எதுவும் வெளியே வரக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி அது குற்றம். ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டுமே வரும். சட்டத்தை விடுங்க, நாளைக்கு அந்தப் புள்ளை வளர்ந்து அந்தப் போட்டோவைப் பார்க்கும்.

இன்னொண்ணு. முதல் நாள் மறியல், ரெண்டாம் நாள் கண்டன அறிக்கை, மூணாம் நாள் அடுத்த பிரச்சினைன்னு நாமளும் போயிருக்கோம். பூண்டி சம்பவத்துக்கு அப்புறம் நம்ம மாவட்டத்துல மூணு மாச ஆய்வு ஒழுங்கா நடக்குதான்னு எத்தனை பேர் மனுப் போட்டுக் கேட்டோம்? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. இனிமே ஒவ்வொரு வார்டுலயும் ரெண்டு தோழர்கள் இந்த வேலைக்குன்னே இருக்கணும். அங்கன்வாடி, பிளே ஸ்கூல், டே கேர், காப்பகம், கம்பெனி க்ரெச் எல்லாம் எங்கெங்க இருக்கு, உரிமம் இருக்கான்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பூட்டு விழுந்த அன்னிக்கு அந்த நோட்டுதான் தாய்மாருக்கு வழி காட்டும்.

▪️ நாம கேட்கிறது இதுதான்

ஒண்ணு: எந்தக் குழந்தைகள் மையத்தை மூடினாலும் காரணம், காலம், பொறுப்பு அதிகாரியோட போன் நம்பர் மூணும் தமிழ்லயும் இந்தியிலயும் வாசல்ல ஒட்டணும். பெத்தவங்க போனுக்கும் அனுப்பணும். இது நடக்காத கனவு இல்லை. ஆஸ்திரேலியாவுல 2025 ஜூலையில, பாதுகாப்புத் தரத்தை எட்டாத மையங்களுக்குப் போற அரசு மானியத்தை நிறுத்தச் சட்டம் போட்டாங்க. அடுத்த மாசமே எச்சரிக்கை வாங்கின மையங்களோட பேரைப் பட்டியலா வெளியிட்டாங்க. அங்கே பெத்தவங்க பேரைப் பார்த்து முடிவு பண்ண முடியுது. இங்க அரக்கைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா?

ரெண்டு: 41-ஆம் பிரிவோட நியாயம் டே கேருக்கும் வரணும். மூடின அன்னிக்கே அரசு ஊழியரை வெச்சு அந்த இடத்தை நடத்து. இடமே ஆபத்துன்னா பக்கத்து அங்கன்வாடியை ஷிப்ட் முடியுற வரைக்கும் திறந்து வை. அதுக்கான கூடுதல் ஆளுக்கும் சம்பளத்துக்கும் அரசு பொறுப்பு. இருக்கிற அக்காக்கள் தலையில கட்டாதே.

மூணு: மாற்று கிடைக்கிற வரைக்கும் அந்தத் தாய்க்குச் சம்பளத்தோட விடுப்பு. மெஷினை விட்டுத் தூக்கக் கூடாது.

நாலு: க்ரெச் வைக்கக் கடமைப்பட்ட கம்பெனிகள் எவை, வெச்சிருக்கிறது எவை, ஏமாத்துறது எவை? திருப்பூர் மாவட்டப் பட்டியலை ஆட்சியர் வெளியிடணும். சின்னச் சின்ன யூனிட்டா இருந்தா நாலு யூனிட் சேர்ந்து ஒரு பொது க்ரெச் வைக்கச் சட்டமே வழி சொல்லுது. சாக்குச் சொல்ல இடமில்லை.

தாய்மார்களே, ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிக்கிறோம். பூட்டு விழுந்த அன்னிக்கு ஊரே உங்களைத்தான் கேட்கும். 'விசாரிக்காம ஏம்மா விட்டே?' தலையைக் குனியாதீங்க. உரிமத்தைப் பார்க்க வேண்டியது அதிகாரி. தொட்டில் கட்ட வேண்டியது முதலாளி. இந்த ரெண்டு பேரும் செய்யாத வேலையைத்தான் நீங்க மாசம் மாசம் சம்பளத்துல இருந்து காசு எடுத்துக் கொடுத்துச் செய்யச் சொன்னீங்க. பதில் சொல்ல வேண்டியவங்க அவங்க. கேள்வி கேட்க வேண்டியவங்க நீங்க. உங்க கூட நிக்க வேண்டியவங்க நாங்க.

பதிவை உங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. உங்க கம்பெனியில க்ரெச் இருக்கா, இல்லையான்னு கமெண்ட்ல சொல்லுங்க. வேலை போயிரும்னு பயமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, பேரு வெளியே வராது.

ஆய்வு சாவுக்கு முன்னாடி வேணும்!
மாற்று பூட்டுக்கு முன்னாடி வேணும்!

#பூட்டுமட்டும்போதாது
#கம்பெனிக்குள்தொட்டில்எங்கே
#திருப்பூர்